நாள்பட்ட சப்ட்யூரல் ரத்தத் திரட்சி: ட்ரெய்ன், வெந்நீர்க் கழுவல், டெக்சா, எம்எம்ஏ எம்போலைசேஷன் – எதற்கு எவ்வளவு ஆதாரம்?

கேள்வி – மூன்றாமாண்டு_எம்சிஎச்

யூனிட்டில் க்ரானிக் சப்ட்யூரலுக்கான (மூளைக்கும் அதன் வெளியுறையான டியூராவுக்கும் இடையே வாரக்கணக்கில் தேங்கும் ரத்தம்) புரோட்டோகாலைத் திருத்தி எழுதும் வேலை. நோயாளிகள் பெரும்பாலும் 65 வயதைத் தாண்டியவர்கள். கீழே விழுந்து சில வாரங்கள் கழித்து தலைவலி, நடைத் தடுமாற்றம், ஒரு பக்கக் கை கால் பலவீனம், சிலருக்கு வெறும் மறதியும் மந்தமும் என்று வருகிறார்கள். பாதிப் பேராவது ஆஸ்பிரின் அல்லது க்ளோபிடோக்ரெல் எடுப்பவர்கள். சர்க்கரை இல்லாதவர்கள் குறைவு.

தெளிவு வேண்டிய இடங்கள் நான்கு. ட்ரெய்ன் (வடிகுழாய்) எல்லாருக்கும் வைக்க வேண்டுமா, வைத்தால் சப்ட்யூரலா (டியூராவுக்கு அடியில்) சப்பெரியோஸ்டியலா (மண்டையோட்டு எலும்பின் மேல்), எத்தனை மணி நேரம்? கழுவும் சலைனை உடல் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதற்கு உண்மையில் ஆதாரம் உண்டா? ரெக்கரன்ஸ் (திரட்சி மீண்டும் சேர்வது) குறைகிறது என்று டெக்சாமெத்தசோன் (டெக்சா, ஒரு ஸ்டீராய்டு) எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அதே ஆய்வைக் காட்டி எழுதக் கூடாது என்கிறவர்களும் இருக்கிறார்கள், இரண்டு தரப்பும் எப்படிச் சரியாக இருக்க முடியும்? கடைசியாக, மிடில் மெனிஞ்சியல் ஆர்ட்டரி (எம்எம்ஏ) எம்போலைசேஷனை, அதாவது அந்த நாளத்தை உள்ளிருந்து அடைப்பதை, புரோட்டோகாலில் எந்த இடத்தில் வைப்பது?

சீனியர்கள் சொன்னார்கள் என்ற அளவில் எழுதாமல், ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஓர் ஆர்சிடி (நோயாளிகளைக் குலுக்கிப் பிரித்து ஒப்பிடும் ஆய்வு) நிற்க வேண்டும் என்பது விருப்பம்.

---

பதில் 1 – டியூராமேட்டர்

ட்ரெய்னிலிருந்து தொடங்குகிறேன், ஆதாரம் மிகத் தெளிவாக இருப்பது அங்கேதான். 2009-இல் லான்செட்டில் வந்த கேம்பிரிட்ஜ் ஆய்வு, சான்டாரியஸ் குழுவினருடையது. பர் ஹோல் (மண்டையோட்டில் சிறு துளை) போட்ட 215 பேரை ட்ரெய்ன் உண்டு, இல்லை என்று குலுக்கிப் பிரித்தார்கள். ட்ரெய்ன் வைத்த 108 பேரில் 10 பேருக்கு ரெக்கரன்ஸ், வைக்காத 107 பேரில் 26 பேருக்கு. அதாவது 9.3 சதவீதமும் 24 சதவீதமும். ஏழு பேருக்கு வைத்தால் ஒருவருக்கு மறு ஆபரேஷன் மிச்சம். ஆறு மாத இறப்பும் 18.1-இலிருந்து 8.6 சதவீதமாக இறங்கியது. வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். ஆகவே முதல் வரியில் தயக்கம் வேண்டாம்: வைக்க இடம் இருந்தால் ட்ரெய்ன் வைப்பது.

"வைக்க இடம் இருந்தால்" என்பதைப் புரோட்டோகாலில் அப்படியே எழுதுங்கள். ரத்தம் வடிந்ததும் மூளை விரிந்து டியூராவைத் தொட்டுவிட்டால் சப்ட்யூரல் ட்ரெய்னைத் தள்ளாதீர்கள். தடை தெரிந்தும் தள்ளினால் நுனி கார்டெக்ஸுக்குள் போகும், அல்லது பிரிட்ஜிங் வெயினைக் கிழிக்கும். போஸ்ட் ஆப் சிடியில் புதிதாக ஒரு சின்ன இன்ட்ராசெரிப்ரல் ரத்தக்கசிவும் அதன் வழியே ட்ரெய்னின் நிழலும் தெரிந்தால் காரணம் இதுதான். அந்த நிலையில் சப்பெரியோஸ்டியலுக்கு மாறுங்கள், எலும்பின் மேல், பர் ஹோல்களுக்குக் குறுக்கே. சுவிட்சர்லாந்தில் 220 பேரை வைத்து இரண்டையும் ஒப்பிட்டார்கள். ரெக்கரன்ஸ் சப்பெரியோஸ்டியலில் 8.3, சப்ட்யூரலில் 12 சதவீதம். நான்-இன்ஃபீரியாரிட்டி (ஒன்று மற்றதைவிட மோசமில்லை) என்ற கணக்கு முறையாக நிரூபணமாகவில்லை. ஆனால் தவறான இடத்தில் ட்ரெய்ன் போவதும் தொற்றும் சப்பெரியோஸ்டியலில் குறைவு. ரத்தம் உறையாமை உள்ளவர், 80 வயதைத் தாண்டியவர், மெல்லிய திரட்சி – இவர்களுக்கு அதையே முதல் தேர்வாக வைக்கலாம் என்பது என் கருத்து.

ஆபரேஷன் விவரம். சிடியில் திரட்சியின் அதிகபட்சத் தடிமன் எந்தக் கட்டில் என்று அளந்து இரண்டு பர் ஹோல், ஒன்று ஃப்ரான்டல் (முன்பக்கம்), ஒன்று பரைட்டல் (அதற்குப் பின்னால்), சுப்பீரியர் டெம்போரல் லைனை ஒட்டி. தோல் கீறல்களை, அவசரமானால் இரண்டையும் இணைத்து க்ரேனியாட்டமி ஃப்ளாப் ஆக்கக்கூடிய கோட்டில் போடுங்கள். எலும்பு விளிம்பில் மெழுகு, டியூராவைச் சிலுவை வடிவில் திறந்து ஓரங்களை பைபோலாரால் சுருக்க வேண்டும். திரட்சியைச் சூழ்ந்த வெளிச் சவ்வைத் திறந்ததும் எஞ்சின் ஆயில் நிறத் திரவம் பீறிட்டு வரும். அதை ஒரே மூச்சில் வெளியேற விடாமல் பஞ்சை வைத்து மெதுவாக விடுங்கள். சட்டென்று அழுத்தம் இறங்கினால் எதிர்ப்பக்கத்திலோ மூளைக்குள்ளோ புதுக் கசிவு ஏற்படலாம். உள் சவ்வைத் தொட வேண்டிய அவசியம் இல்லை.

கழுவல் பற்றி இரண்டு ஆய்வுகள். பின்லாந்தின் ஐந்து மையங்கள் 589 பேரை வைத்துக் கழுவாமலே ட்ரெய்ன் மட்டும் வைத்துப் பார்த்தன (லான்செட், 2024). கழுவாதவர்களில் மறு ஆபரேஷன் 18.3 சதவீதம், கழுவியவர்களில் 12.6. கழுவலைக் கைவிடலாம் என்று சொல்ல முடியவில்லை. இன்னொன்று சுவீடனில் 541 பேரை வைத்து நடந்தது, 2023-இல் வெளியானது. அறைச் சூட்டுத் திரவம், 22 டிகிரி. உடல் சூட்டுத் திரவம், 37 டிகிரி. மறு ஆபரேஷன் முன்னதில் 14, பின்னதில் 6 சதவீதம். செலவே இல்லாத ஒரு மாற்றத்துக்கு இது பெரிய பலன். குளிரில் உறைதல் நொதிகள் மந்தமாகும், பிளேட்லெட்டும் சரியாக வேலை செய்யாது, கெட்டியான துணுக்குகளும் கரைந்து வராது என்பது பொருந்துகிற விளக்கம்.

ஆனால் 37 டிகிரி என்று காகிதத்தில் எழுதினால் போதாது. வார்மரிலிருந்து எடுத்த பாட்டிலை எஃகுக் கிண்ணத்தில் ஊற்றி ஏசி தியேட்டரில் வைத்தால் சில நிமிடங்களிலேயே சூடு இறங்கிவிடும். டியூராவைத் திறந்த பிறகே ஊற்றச் சொல்லுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக. கிண்ணத்தில் ஸ்டெரைல் வெப்பமானி ஒன்று இருக்கட்டும். மைக்ரோவேவில் சூடாக்குவது கூடவே கூடாது. ஒரே பாட்டிலுக்குள் சில இடம் கொதிக்கும், சில இடம் ஆறியிருக்கும். அதை மூளை மேல் ஊற்ற முடியாது.

மூடும்போது காற்றை வெளியேற்றுவதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். முதலில் பரைட்டல் பர் ஹோலை மூடுங்கள். தலையைத் திருப்பி ஃப்ரான்டல் பர் ஹோலை மேலே கொண்டுவந்து, குமிழி நிற்கும் வரை சலைனால் நிரப்பி, பிறகு அதை மூடுங்கள். ட்ரெய்ன் மெல்லிய சிலிக்கான் குழாயாக இருக்கட்டும், மண்டையோட்டுக்கு இணையாகச் சாய்வாக நுழைத்து, காயத்திலிருந்து 5 செ.மீ. தள்ளித் தோலுக்கடியில் டனல் செய்து வெளியே எடுங்கள். சப்ட்யூரல் ட்ரெய்னுக்கு உறிஞ்சு அழுத்தம் வேண்டாம், வெறும் புவியீர்ப்பு வடிகால் போதும்.

கேம்பிரிட்ஜ் ஆய்வில் ட்ரெய்ன் 48 மணி நேரம் இருந்தது. டென்மார்க்கில் 24-ஐயும் 48-ஐயும் ஒப்பிட்டபோது கூடுதல் நாளுக்குப் பெரிய பலன் தெரியவில்லை. வடிவது நின்றுவிட்டால் 24 மணியில் எடுக்கலாம், 48-ஐத் தாண்டாதீர்கள்.

---

பதில் 2 – ஆர்சிடி_வாசகன்

டெக்சா பற்றி. இரண்டு தரப்பும் சரியான எண்ணைத்தான் சொல்கிறார்கள், வேறு வேறு எண்ட்பாயிண்டை (ஆய்வு அளக்கும் விளைவு) பார்த்து.

பிரிட்டனின் டெக்ஸ்-சிஎஸ்டிஎச் ஆய்வு, ஹட்சின்சன் குழு, 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னலில் வந்தது. 748 பேர், டபுள் பிளைண்ட், பிளாசிபோ உண்டு. தினம் இரு வேளை 8 மி.கி. என்று தொடங்கி இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். மறு ஆபரேஷன் டெக்சாவில் 1.7 சதவீதம், பிளாசிபோவில் 7.1. இங்கே நிறுத்தினால் டெக்சா வென்றது. ஏறத்தாழ 19 பேருக்குக் கொடுத்தால் ஒரு மறு ஆபரேஷன் குறையும்.

ஆனால் ஆய்வின் முதன்மை எண்ட்பாயிண்ட் அது அல்ல. ஆறாவது மாதத்தில் மாடிஃபைடு ரேங்கின் ஸ்கேல் 0 முதல் 3 வரை, அதாவது இன்னொருவர் பிடிக்காமல் தானே நடக்கிற நிலையில் எத்தனை பேர் என்பதே கேள்வி. டெக்சா குழுவில் 341-க்கு 286, 83.9 சதவீதம். பிளாசிபோவில் 339-க்கு 306, 90.3 சதவீதம். கழித்தால் 6.4. அதாவது சுமார் 16 பேருக்கு டெக்சா கொடுத்தால் ஒருவர் கூடுதலாக நடை இழந்தோ படுக்கையிலோ இறந்தோ போகிறார். தனிக் கவனத்துக்கென்று குறித்து வைத்த பக்கவிளைவுகளும் 3.2-இலிருந்து 10.9 சதவீதமாக ஏறின. சர்க்கரை ஏறுவது, மனநிலைக் குழப்பம் போன்றவை. உங்கள் நோயாளிகளில் சர்க்கரை இல்லாதவர்களே குறைவு என்கிறீர்கள். அங்கே இந்தப் பாரம் இன்னும் கூடுமே தவிரக் குறையாது.

மண்டைக்குள் திரவம் மீண்டும் சேராமல் இருப்பதும், பாட்டி எழுந்து தானே குளியலறைக்குப் போவதும் வேறு வேறு விஷயங்கள். முன்னது நமக்கு சிடியில் தெரிவது, பின்னதற்காகவே அவரை அழைத்து வந்தார்கள். நியூரோசர்ஜரி ஆய்வுகளைப் படிக்கும்போது இந்தப் பிரிவினையை முதலில் தேடுங்கள். டீகம்ப்ரசிவ் க்ரேனியெக்டமியிலும் (மூளை வீங்கும்போது மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுப்பது) இதே கதைதான். 2011-இன் டெக்ரா ஆய்வில் ஐசிபி (மண்டைக்குள் அழுத்தம்) அழகாக இறங்கியது, ஆனால் மோசமான விளைவு 51-இலிருந்து 70 சதவீதமானது. 2016-இன் ரெஸ்க்யூ-ஐசிபியில் இறப்பு 48.9-இலிருந்து 26.9 சதவீதமாகக் குறைந்தது, ஆனால் வெஜிடேட்டிவ் நிலையில் (உயிர் இருந்தும் உணர்வற்று) இருந்தவர்கள் 2.1-இலிருந்து 8.5 ஆனார்கள். குடும்பத்தாரிடம் பேசும்போது இரண்டு எண்ணையும் சொல்ல வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. டெக்ஸ்-சிஎஸ்டிஎச் நோயாளிகளில் 94 சதவீதம் பேர் ஆபரேஷனும் செய்துகொண்டவர்கள். எனவே இந்த முடிவு "ஆபரேஷனோடு சேர்த்து டெக்சா" பற்றியது.

---

மூன்றாமாண்டு_எம்சிஎச்

மிக்க நன்றி சார். அப்படியென்றால் ஆபரேஷனே வேண்டாம் என்று டெக்சாவை மட்டும் கொடுப்பது? அனஸ்தீசியா ரிஸ்க் என்று சொல்லி எழுதுவது இங்கே சகஜம். அட்டோர்வாஸ்டாட்டினும் எழுதுகிறார்கள்.

---

பதில் 3 – ஆர்சிடி_வாசகன்

அதற்கு நெதர்லாந்தின் டெக்சா ஆய்வு இருக்கிறது (நியூ இங்கிலாந்து ஜர்னல், 2023). டெக்சாவா பர் ஹோலா என்று நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். பாதுகாப்புக் கவலையால் 252 பேரோடு நிறுத்த வேண்டி வந்தது. டெக்சா குழுவில் 55 சதவீதம் பேருக்குக் கடைசியில் ஆபரேஷன் தேவைப்பட்டது. முதலிலேயே ஆபரேஷன் செய்தவர்களில் மறு ஆபரேஷன் 6 சதவீதம்தான். சிக்கல்கள் டெக்சாவில் 59, ஆபரேஷனில் 32 சதவீதம். பாதிப் பேர் ஸ்டீராய்டு ஏறிய உடம்போடு, ஏறிய சர்க்கரையோடு, தாமதமாக அதே டேபிளுக்கு வருகிறார்கள். அனஸ்தீசியா ரிஸ்க் என்றால் லோக்கலில் லேசான செடேஷனோடு பர் ஹோல் போடலாம், பெரும்பாலோர் தாங்குவார்கள்.

அட்டோர்வாஸ்டாட்டின் பற்றிச் சீனாவில் ஒரு பிளாசிபோ ஆய்வு உண்டு (2018). தினம் 20 மி.கி., எட்டு வாரம். திரட்சியின் அளவு குறைந்தது, ஆபரேஷன் 23.5-இலிருந்து 11.2 சதவீதமானது. ஆனால் அவர்கள் சேர்த்தது லேசான அறிகுறியோடு ஆபரேஷன் உடனே தேவைப்படாதவர்களை. அந்த வகையினருக்கு மட்டும் விருப்பத் தேர்வு என்று எழுதலாம். மயக்கமாக வருபவருக்கு அது சிகிச்சையே அல்ல.

---

பதில் 4 – கேத்லேப்_காவிரி

எம்எம்ஏ எம்போலைசேஷன் பற்றி.

இந்தத் திரட்சி ஒருமுறை கசிந்து தேங்கி நிற்பது அல்ல. வெளிச் சவ்வில் புதிதாக முளைத்த மெல்லிய நாளங்கள் திரும்பத் திரும்பக் கசிகின்றன, அவற்றுக்கு ரத்தம் கொடுப்பது எம்எம்ஏ. அதை அடைத்தால் சவ்வு வற்றும். ஆனால் வற்ற வாரங்கள் ஆகும். மூளையின் மிட்லைன் நகர்ந்து, ஜிசிஎஸ் (சுயநினைவின் அளவு) இறங்கி வருபவருக்கு இதை மட்டும் செய்துவிட்டுக் காத்திருந்தால் ஆளை இழப்போம். அங்கே முதலில் பர் ஹோல்தான்.

எம்போலைஸ் ஆய்வு (2024): ஆபரேஷனோடு ஓனிக்ஸ் (நாளத்தை அடைக்கும் திரவம்) சேர்த்தவர் 197 பேர், ஆபரேஷன் மட்டும் 203 பேர். 90 நாளில் மறு ஆபரேஷன் ஓனிக்ஸ் குழுவில் 4.1, ஆபரேஷன் மட்டும் செய்தவர்களில் 11.3 சதவீதம் (கீழேயும் இதே வரிசை). 14 பேருக்குச் செய்தால் ஒன்று குறையும். சேர்த்தே சொல்ல வேண்டியது: நடமாட்டத்தில் பலன் காட்டவில்லை, 90 நாளில் நிலை மோசமானவர்கள் 11.9-க்கு 9.8. செயல்முறையோடு தொடர்புள்ள கடும் சிக்கல் 2 சதவீதம். சீனாவின் மேஜிக்-எம்டி, 722 பேர், அதிலும் பெரும்பாலோர் ஆபரேஷன் செய்தவர்கள்: 6.7-க்கு 9.9, வேறுபாடு புள்ளியியல்படி உறுதியாகவில்லை. ஸ்டெம் ஆய்வில் 36-இலிருந்து 16 சதவீதமாகச் சிகிச்சைத் தோல்வி குறைந்தது. ஆனால் அந்தத் "தோல்வி"க்குள் 180-ஆம் நாள் சிடியில் 10 மி.மீ.-க்கு மேல் திரட்சி தெரிவதும் அடக்கம். பிரான்ஸின் எம்ப்ரோடெக்ட், துகள்களைப் பயன்படுத்தியது, ரெக்கரன்ஸ் 14.8-க்கு 21, அதுவும் உறுதியான வேறுபாடு அல்ல. இன்னொன்று, எம்போலைஸ் ஓப்பன் லேபிள் (யாருக்கு என்ன சிகிச்சை என்பது மறைக்கப்படாதது). யாருக்கு அடைப்பு போட்டது என்று தெரிந்த சர்ஜனே மறு ஆபரேஷன் வேண்டுமா என்று முடிவு செய்கிறார். அந்தச் சாய்வை ஒதுக்கிவிட முடியாது.

ஆகவே எல்லாருக்கும் என்று எழுத வேண்டாம். ஒருமுறை ரெக்கரன்ஸ் ஆனவர், ஆன்டிகோயாகுலன்ட்டைச் சீக்கிரம் மீண்டும் தொடங்கியே ஆக வேண்டியவர் (உலோக வால்வு போல), பல அறைகளாகப் பிரிந்த திரட்சி – இவர்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

செய்கிறவர் கவனிக்க வேண்டியது ஆஞ்சியோவில் இரண்டே இடம், ஆனால் உயிர்நிலையான இடம். ஆஃப்தல்மிக் ஆர்ட்டரி சில பேருக்கு எம்எம்ஏ-யிலிருந்தே கிளம்பும், அல்லது லாக்ரிமல் வழியாக இணைப்பு இருக்கும். பக்கவாட்டுப் படத்தில் கண்ணின் கோராய்டல் பிளஷ் (கண்ணுக்குள் சாயம் பரவுவது) தெரிந்தால் அங்கே நிறுத்த வேண்டும். தள்ளினால் கண் போகும். மற்றது பெட்ரோசல் கிளை. அது முகநரம்புக்கு ரத்தம் கொடுப்பது, அடைத்தால் முகவாதம். எனவே மைக்ரோகேதீட்டர் நுனி ஃபோராமன் ஸ்பைனோசத்தைத் தாண்டி, பெட்ரோசல் கிளைக்கு அப்பால் நின்ற பிறகே உட்செலுத்தல். இன்டர்னல் கரோட்டிட் ஆஞ்சியோவும் முதலில் எடுத்துப் பாருங்கள், கண்ணுக்கு வழக்கமான வழியில் ரத்தம் போகிறதா என்று. டிஎம்எஸ்ஓ-வை (ஓனிக்ஸின் கரைப்பான்) வேகமாகத் தள்ளினால் கடும் வலி, இதயத் துடிப்பு சட்டென்று இறங்கும், ட்ரைஜெமினல் ரிஃப்ளெக்ஸ். அட்ரோபின் கையில் தயாராக இருக்கட்டும், மெதுவாகத் தள்ளுங்கள். கழுத்து நாளங்கள் வளைந்து நெளிந்த, கால்சியம் படிந்த முதியவரில் கேதீட்டர் ஏற்றுவதே ஸ்ட்ரோக் ஆபத்து. முன்கூட்டியே சிடி ஆஞ்சியோ பார்த்துவிட்டால் பாதிப் பிரச்சினை தெரிந்துவிடும்.

---

பதில் 5 – நியூரோஐசியூ_செவிலியர்

ட்ரெய்ன் வைத்த பிறகு வார்டில் நடப்பதையும் புரோட்டோகாலில் சேர்த்துவிடுங்கள் டாக்டர். பை எந்த உயரத்தில் தொங்க வேண்டும் என்று எழுதாமல் விட்டால் ஷிஃப்டுக்கு ஷிஃப்டு மாறும். தலைமட்டத்துக்குக் கீழே, கட்டில் சட்டத்தில் ஒரே இடத்தில் கட்ட வேண்டும். தரையில் போடக் கூடாது. சிடிக்குக் கொண்டுபோகும்போதும், எழுப்பி உட்கார வைக்கும்போதும் க்ளாம்ப் போட்டு, திரும்ப வந்ததும் திறந்ததை எழுதி வைக்க வேண்டும். பையைத் தலைக்கு மேலே தூக்கினால் வடிந்தது உள்ளே திரும்பும். மணிக்கணக்கில் அளவையும் நிறத்தையும் குறிக்க வேண்டும்: கருஞ்சிவப்பு நீர்த்துக்கொண்டே போனால் சரி, திடீரென்று பளிச்சென்ற சிவப்பு வந்தால் உடனே டாக்டருக்கு. கண்ணாடி போல் தெளிந்த நீர் நிறைய வந்தால் அது சிஎஸ்எஃப் (மூளையைச் சூழ்ந்த திரவம்) ஆக இருக்கலாம், க்ளாம்ப் செய்து கேட்க வேண்டும்.

48 மணி நேரம் மல்லாந்தே கிடத்துவது பழைய வழக்கம். போர்ச்சுகலின் கெட்-அப் ஆய்வில் சீக்கிரம் எழுப்பி நடமாட விட்டவர்களுக்கு நிமோனியா, சிறுநீர்த் தொற்று போன்ற சிக்கல்கள் குறைந்தன, ரெக்கரன்ஸ் கூடவில்லை. எழுப்பலாம் என்று எழுதிக் கொடுத்தால் எங்களுக்கும் தெம்பு.

---

பதில் 6 – டியூராமேட்டர்

சிஸ்டர் சொன்னதை அப்படியே சேருங்கள். விட்டுப்போன இரண்டு விஷயம்.

ஆஸ்பிரின்: சுவிட்சர்லாந்தின் சேகா ஆய்வு, நிறுத்தாமல் ஆபரேஷன் செய்தால் ரெக்கரன்ஸ் கூடுகிறதா என்று பார்த்தது. உறுதியான வேறுபாடு இல்லை, ஆனால் ஆய்வு சிறியது. எனவே சமீபத்தில் ஸ்டென்ட் போட்டவருக்கு நிறுத்தாமலே செய்யலாம், இருதய மருத்துவரோடு பேசிவிட்டு. வெறும் முன்னெச்சரிக்கையாக ஆண்டுக்கணக்கில் விழுங்குகிறவருக்கு நிறுத்திவிடுங்கள். வார்ஃபரின் என்றால் வைட்டமின் கே-யோடு, அவசரமானால் பிசிசி (உறைதல் காரணிகளின் செறிவு). வைட்டமின் கே மட்டும் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரத்தில் தியேட்டருக்கு எடுத்தால் ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகத்தின் அளவு) இறங்கியிருக்காது.

இரண்டாவது, யூனிட்டின் ரிஜிஸ்டர். இப்போது அதில் இருப்பது பெரும்பாலும் "ரெக்கரன்ஸ்: ஆம், இல்லை" என்ற கட்டம் மட்டும். அதன் பக்கத்தில் ஆறாம் மாத ரேங்கின் ஸ்கோருக்கு ஒரு கட்டம் போடுங்கள். நோயாளியை வரவழைக்க வேண்டாம், போனில் வீட்டாரிடம் கேட்டால் போதும்: யாரும் பிடிக்காமல் நடக்கிறாரா, கழிப்பறைக்கும் குளியலுக்கும் ஆள் வேண்டுமா, முன்பு செய்த வேலைகளுக்குத் திரும்பினாரா. டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே இரண்டு போன் எண் வாங்கி வையுங்கள், ஒன்று மகன் அல்லது மகளுடையது. கழுவுநீரின் சூட்டையும் ஆபரேஷன் நோட்டில் எண்ணாகவே எழுதச் சொல்லுங்கள், "வார்ம் சலைன்" என்று எழுதினால் அது 37-ஆ 28-ஆ என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.